பட்டி போட்ட சதுப்பு

எங்கள் புர்னோ நகரத்தில் புத்தகம் வந்தாலும் சரி, பாட்டுத்தட்டு வந்தாலும் சரி, அதன் தலையில் ஒயின் ஊற்றி ஞானஸ்நானம் செய்யாமல் கடைக்கு அனுப்புவதில்லை. இத்தனைக்கும் கோவில் வாசலை மிதிக்காத ஜனங்கள் நாங்கள். ஆனாலும் ஞானத்தாய், ஞானத்தகப்பன், கைதட்டல், புகைப்படம், அதன்பின் ஓசியில் குடி, எல்லாம் முறைப்படி நடந்தாக வேண்டும். கடவுளைக் கைவிட்டவர்களுக்கும் விருந்தைக் கைவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ராடிமும் அவன் பள்ளித் தோழன் லுபோரும் சேர்ந்து செய்த முதல் கணினி விளையாட்டுக்கு ஞானத்தாயாக நின்றவர் மிலாதா என்கிற பல் டாக்டர். விளையாட்டின் பெயர் 'சதுப்பு'. அந்தக் காலத்து உப்புக் கடத்தல்காரர்கள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய சதுப்பு நிலத்தைக் கடக்க வேண்டும். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அந்த நிலம் ஒரே துண்டு. வேலி கிடையாது, கதவு கிடையாது, திரை கறுத்துப்போய் நம்மைக் காக்கவைப்பது கிடையாது. பனிமூட்டத்துக்கு அப்பால் ஒரு விளக்கு மினுங்கினால் அது நிஜமாகவே யாரோ ஏற்றிய விளக்கு; நடந்தால் போய்ச் சேரலாம். போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேரைச் சேறு விழுங்கிவிடும், அது வேறு விஷயம். அந்த நிலத்தை ஒரு முழம் விடாமல் உருவாக்கியவன் ராடிம்.

வெளியாவதற்கு முன் இலவசமாக விட்ட மாதிரித் துண்டை ஆடிவிட்டு யாரோ இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சேறு இழுக்கும் வேகம் போதாது, நாணல் காற்றுக்கு எதிராகச் சாய்கிறது, உப்புக் கடத்துகிறவனுக்கு இவ்வளவு நல்ல பல் இருக்காது. வேலைவெட்டி இல்லாத மாணவன் என்று நினைத்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் கையில் கசகசாக் கேக்கோடு டிராமிலிருந்து இறங்கி வந்தார். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு மருத்துவமனையிலேயே உட்கார்ந்து ஆடுவாராம். அன்றிலிருந்து ராடிமின் பல்லுக்கும் அவரே வைத்தியர்.

அவருக்கு ஒரு விரதம் உண்டு. எந்த விளையாட்டையும் காசு கொடுத்துத்தான் வாங்குவார். இதிலென்ன விரதம் என்று கேட்கிறவர் எங்கள் ஊரில் இருந்து பார்த்தவர் இல்லை. இங்கே விளையாட்டைக் கடையில் வாங்குகிறவனைப் பார்த்து, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். ராடிமின் சொந்த அக்கா புருஷனே குடும்ப விருந்தில் வறுத்த பாலாடைக்கட்டியை மென்றபடி, "உன் விளையாட்டைப் பத்துப் பேருக்காவது நகல் போட்டுக் கொடுத்திருப்பேன் மச்சான். எல்லாருக்கும் ஒரே குஷி. உனக்குத்தான் நல்ல விளம்பரம்" என்றான். ராடிம் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். சொந்தக்காரனை என்ன செய்வது?

மிலாதாவோ மூன்று பெட்டி வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று ஓலொமோவ்ட்சில் இருக்கும் மகனுக்கு, ஒன்று பிரிக்காமல் வைத்துக்கொள்ள. "செஞ்சவனுக்குக் கூலி போகாத பண்டம் எனக்குச் செரிக்காது" என்பார்.

அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் போதுமா? 'சதுப்பு' என்றால் எங்கள் நாட்டில் தெரியாத வாலிபன் இல்லை. கல்லாவைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். லுபோர் கெட்டவன் இல்லை. பின்னால் அவன்மேல் எனக்கு ஆத்திரம் வரும், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். நிர்வாகத்தைத் தூக்கிச் சுமந்தவன் அவன்தான். சம்பள நாள் நெருங்கினால் அவன் முகம் எப்படிச் சுண்டிப்போகும் என்பது ராடிமுக்குத் தெரியும்.

லண்டன் பதிப்பாளர்கள் வந்தது அந்தச் சமயத்தில். இரண்டாம் பாகத்துக்கு முழுச் செலவும் எங்களுடையது என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: டிவியில் செருகி ஆடும் கன்சோல் பெட்டிக்குத்தான் முதலில் செய்ய வேண்டும். கணினிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"கன்சோல்ல அவ்வளவு லேசா நகல் போட முடியாதுடா," என்றான் லுபோர். "வேணும்னா வாங்கித்தான் தீரணும். உன் அக்கா புருஷனே பர்ஸை எடுப்பான்."

"அந்தப் பெட்டியோட நினைவகம் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு? என் சதுப்பு கால்வாசிகூட அதுல நிக்காது."

"நிக்கற மாதிரி வெட்டு. கம்ப்யூட்டர்ல உன் இஷ்டத்துக்கு முழுசா போட்டுக்கோ. யாரு வேணாங்கறா?"

அந்த 'யாரு வேணாங்கறா'வை நம்பி ராடிம் தலையாட்டினான். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனிடம் எவன் எழுதி வாங்குவான்?

அதன்பின் நடந்தது செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிய கதை. சதுப்பைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு குடிசை. குடிசைக் கதவைத் திறந்தால் திரை கறுத்து, ஒரு கொக்கு பறக்கும் படம் வரும். அடுத்த துண்டு உள்ளே ஏறும்வரை கொக்கு பறந்துகொண்டே இருக்கும். ஆட்டுப் பட்டி மாதிரி இருந்ததால் அலுவலகத்தில் எல்லோரும், பின்னால் ஆடினவர்களும், அந்தத் துண்டுகளைப் பட்டி என்றே கூப்பிட்டார்கள். தூரத்து விளக்குகள் எல்லாம் பின்சீலையில் வைத்த மஞ்சள் புள்ளிகள் ஆயின. ஏழு பேரை ஆட்டிவைக்கக் கையில் பிடிக்கும் கருவியில் பொத்தான்கள் பற்றவில்லை. நாலு பேரைத் தூக்கிவிட்டு மூன்று பேரை வைத்துக்கொண்டார்கள். நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியும் போனது. இனிமேல் சாக வேண்டுமென்றால் குடிசைப் பக்கமாகப் பார்த்துச் சாக வேண்டும்.

ராடிம் பட்டி கட்டினான். சம்பளம் அதற்குத்தானே. ஆனால் பட்டி கட்டிய கையோடு, கணினிப் பதிப்புக்கென்று முழுச் சதுப்பையும் உயிரோடு வைத்திருந்தான். பட்டியில் ஒரு மரத்தை நகர்த்தினால் சதுப்பிலும் அதை நகர்த்தினான். பட்டியில் தூக்கிய நாலு கடத்தல்காரர்களுக்கும் சதுப்பில் சோறு போட்டான். ஒரே வேலையை இரண்டு தடவை செய்வதை லுபோர் பார்த்தான். கண்டும் காணாததுபோல் போனான். அதை ராடிம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

இலையுதிர் காலத்தில் கன்சோல் பதிப்புக்கு ஞானஸ்நானம் நடந்தது. லண்டன் செலவு என்பதால் ஒயினுக்குக் குறைவில்லை. ஞானத்தகப்பனாக ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் ஒருவரைக் கூட்டிவந்திருந்தார்கள். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தார், புகைப்படக்காரர்களும் எடுத்தார்கள். மிலாதா கடைசி வரிசையில் கேக் டப்பாவோடு நின்றார். ராடிம் அவரிடம் போனான்.

"ஞானத்தாய் வேலையிலேர்ந்து என்னைத் தூக்கிட்டீங்க போல," என்றார்.

"இது அந்தப் பெட்டிக்கு டாக்டரம்மா. கம்ப்யூட்டருக்கு வரும்போது நீங்கதான்."

"அந்தப் பக்கம் ஆடிப் பாக்க வெச்சிருக்காங்களே, ஆடினேன். கொக்கு நல்லா பறக்குது."

ராடிமுக்கு முகம் எரிந்தது.

"கம்ப்யூட்டர்லயும் இதேதானா? மறைக்காம சொல்லு கண்ணா. பல்லைப் பிடுங்கறவ நான், தாங்கிப்பேன்."

"இல்லை. அதுல சதுப்பு முழுசா வரும். ஏழு பேரும் வருவாங்க. நாலு திசையும் நடக்கலாம். இது என் வாக்கு."

"இணையத்துல எழுதலாமா? பசங்க தினம் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"தாராளமா எழுதுங்க."

அன்றைக்கே எழுதிவிட்டார். இணையத்தில் அந்தக் கூட்டத்துக்கு மிலாதா சொன்னால் அது அரசாணை. காசு கொடுத்து வாங்கும் பழக்கமே இல்லாதவர்கள்கூட, அந்த அம்மா சொன்னால் சரி, இந்த ஒரு தடவை வாங்கிவிடுவோம் என்று முன்பதிவு செய்தார்கள். லுபோரே அதிசயப்பட்டான். ராடிமுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நல்ல பண்டத்துக்கு விலை கிடைக்கும் என்று அவன் நம்பினான்.

பனிக்காலத்தில் லண்டனிலிருந்து நைஜல் வந்தார். பதிப்பாளர் தரப்பில் இவர்களை மேய்ப்பவர். தங்கமான மனிதர், அதுதான் சங்கடம். எங்கள் மதுக்கடைகளில் வினிகரில் ஊறவைத்த தொத்திறைச்சிக்கு 'முழுகிப்போனவன்' என்று பெயர்; ஒவ்வொரு தடவையும் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ராடிம் அவரை உட்காரவைத்துக் கணினியில் முழுச் சதுப்பையும் காட்டினான். நைஜல் வெகுநேரம் அதில் நடந்தார். ஒரு விளக்கைப் போய்ச் சேர்ந்தார். "அற்புதம்" என்றார். அந்தச் சொல் ராடிமுக்கே புரிந்தது; மற்றதை லுபோர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

மதுக்கடையில் வைத்துத்தான் கழுத்தை அறுத்தார்.

"அற்புதமா இருக்கு, அதுதான் பிரச்சனை," என்றார் நைஜல். "கன்சோல்ல காசு கொடுத்து வாங்கினவங்க இதைப் பாத்தா என்ன நினைப்பாங்க? நமக்குப் பாதியைக் கொடுத்து ஏமாத்திட்டாங்கன்னுதானே?"

"பாதியைத்தானே கொடுத்திருக்கோம்," என்றான் ராடிம்.

லுபோர் அதை மொழிபெயர்க்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல நமக்கு வர்றது பத்துல ஒரு பங்கு. மத்தது திருட்டு. அந்த ஒரு பங்குக்காக வேற ஒரு விளையாட்டையே தனியா சோதிச்சு, தனியா பராமரிக்க முடியாது ராடிம். ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க எங்க குடும்பம் மாதிரி," என்றார் நைஜல்.

"நல்லா செஞ்சா வாங்குவாங்கன்னு சொல்லு லுபோர். முன்பதிவைப் பாக்கச் சொல்லு. ஆறிப்போனதை மாசக்கணக்கு கழிச்சு அதே விலைக்கு வெச்சா எவன் வாங்குவான்? வாங்காததுக்குத் திருடன்னு பேரு வெக்கறதா?"

லுபோர் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். ராடிம் பேசியதில் கால்பங்கு நீளம்கூட இல்லை. நைஜல் புன்னகையோடு ராடிமின் தோளைத் தட்டிவிட்டு இன்னொரு முழுகிப்போனவனுக்குச் சொல்லி அனுப்பினார்.

வெளியே டிராம் நிறுத்தத்தில் இரண்டு பேரும் காலை உதைத்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு வேணாங்கறான்னு கேட்டியே," என்றான் ராடிம். "இப்போ தெரிஞ்சுதா யாருன்னு?"

"முப்பது பேருக்குச் சம்பளம் போகுதுடா. கன்சோல் காசுலதான் போகுது."

"நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு? ஒரு பல் டாக்டருக்கு. என்னைக் கேட்டியா கொடுக்கறதுக்கு முன்னாடி?"

கேட்கவில்லைதான்.

கணினிப் பதிப்பு என்ற பெயரில் வந்தது கன்சோல் பதிப்பின் எச்சில் தட்டு. கொக்கு அப்படியே பறந்தது. கன்சோலைவிடப் பல மடங்கு நினைவகம் உள்ள கணினியில், கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த பட்டி ஏறிவிடும். ஆனாலும் கொக்கு தன் முறைக்குப் பறந்து முடித்தால்தான் கதவு திறந்தது. 'பச்சைப் பொத்தானை அழுத்தவும்' என்று திரையில் வரும். விசைப்பலகையில் பச்சைப் பொத்தானுக்கு எங்கே போவது? போதாக்குறைக்குத் திருட்டைத் தடுக்கிறோம் என்று ஒரு காவல் வேறு. காசு கொடுத்து வாங்கினவன் ஒவ்வொரு தடவையும் இணையத்தில் போய், நான் திருடன் இல்லை ஐயா என்று சத்தியம் செய்தால்தான் விளையாட்டு தொடங்கும்.

ராடிம் சண்டை போடவில்லை. அதற்குப் பதில் அவன் ஒரு காரியம் செய்தான். எங்கள் ஊர்க் கணினிக்காரனுக்குத்தான் அப்படி ஒரு புத்தி போகும். முழுச் சதுப்பையும் கணினிப் பதிப்பின் தட்டுக்குள்ளேயே வைத்து, அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியால் பூட்டிவிட்டான். அந்த வரியில் 'இல்லை' என்பதை 'ஆம்' என்று மாற்றினால் போதும். எங்கள் ஆட்கள் எந்தத் தட்டு கிடைத்தாலும் பிரித்து, குடலை உருவிப் பார்க்காமல் விடமாட்டார்கள். முதல் பாகத்தில் மணிக்கூண்டுக்கு அடியில் அவன் ஒளித்து வைத்த லுபோரின் நாய்ப் படத்தையே தோண்டி எடுத்தவர்கள். இதையும் எடுப்பார்கள். எடுத்ததும், உள்ளே ஒருவன் நமக்காக இதை விட்டுவைத்திருக்கிறான் என்று புரிந்துகொள்வார்கள். வாக்கும் காப்பாற்றப்படும், லண்டனுக்கும் தெரியாது. இப்படிக் கணக்குப் போட்டான். கெட்டிக்காரத்தனம் தலைக்கேறினால் மனிதனுக்கு முன்னால் இருக்கும் குழி தெரியாது.

விற்பனைக்கு வந்த வாரமே ஓஸ்த்ராவாவில் ஒரு பையன் அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டான். முதல் நாள் இணையத்தில் திருவிழா. ராடிம் திரையின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தானாகச் சிரித்தான். மறுநாள் ஒருவன் கேட்டான்: முழுசா வேலை செய்யுதே, அப்புறம் ஏன் பூட்டினாங்க? கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் ஆயிரம் பதில் முளைத்தது. அடுத்த வருஷம் இதையே தனியாக விலை வைத்து விற்கப் போகிறார்கள் என்றான் ஒருவன். அதுதான் எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. அப்படிச் செய்கிற பதிப்பாளர்கள் உலகத்தில் உண்டு. நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நம் சொத்தை ஒளித்து வைத்து நம்மிடமே விற்கப் பார்க்கிறான்கள் என்று கொதித்தார்கள். முன்பதிவு செய்தவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இனி இந்தப் பயல்களுக்கு ஒரு கொருனாக் காசுகூடக் கொடுப்பது பாவம் என்று, திருடுவதையே தர்மமாக்கிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் கன்சோல்காரர்களும் எங்களுக்கு மட்டும் ஏன் பட்டி என்று கூச்சல் போட்டார்கள். நைஜல் பயந்தது நடந்துவிட்டது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ராடிம் உட்கார்ந்திருந்தான்.

லுபோர் அவன் அறைக் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"நீதானே?"

"நான்தான்."

லுபோர் கத்துவான் என்று ராடிம் எதிர்பார்த்தான். கத்தவில்லை. "பழைய கோப்பு தவறிப்போய் தட்டுல ஏறிடுச்சுன்னு லண்டனுக்கு எழுதிட்டேன்," என்றான். "வேணும்னே வெச்சதுன்னு தெரிஞ்சா ஒப்பந்தம் முறிஞ்சுது. இங்க ஒருத்தனுக்கும் வேலை இருக்காது. செத்தாலும் வாயைத் திறக்காதே. உன் டாக்டரம்மாகிட்டயும்தான்."

"சரி."

"இணையம் வழியா எல்லாருக்கும் திருத்தம் ஒண்ணு அனுப்பணுமாம். அந்த நிலத்தை அடியோட அழிக்கறதுக்கு. எந்த வயசுக்காரங்க ஆடலாம்னு சான்று வாங்காத பகுதின்னு சாக்கு சொல்றாங்க." லுபோர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எது எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்."

ராடிமே எழுதினான். வேறு யாராவது எழுதினால் எதையாவது தவறவிட்டு, வாங்கினவன் கணினியையே கெடுத்துவிடுவார்கள். சேறு, நாணல், விளக்குகள், நாலு கடத்தல்காரர்கள், எல்லாவற்றையும் வரிசையாக அழிக்கச் சொல்லி எழுதி முடித்தான். ஒரு பிழைகூட விழவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. திருத்தம் யாருக்குப் போகும்? தினம் இணையத்தில் போய்ச் சத்தியம் செய்கிறவனுக்குத்தான் போகும். திருடினவன் எதற்கும் போய் நிற்பதில்லை. அவன் சதுப்பு பத்திரமாக இருந்தது.

வசந்தத்தில் ராடிமுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்தது. வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். ஓடி ஒளிந்தான் என்று ஆகிவிடுமே என்று மிலாதாவிடமே போனான். அவர் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைச் சாய்த்து, ஊசி போட்டு, பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை வாய் ஓரத்தில் மாட்டினார். அதற்கப்புறம்தான் பேசத் தொடங்கினார்.

"போன வாரம் நான் ஒரு திருட்டு பண்ணினேன். வாழ்க்கையில முதல் தடவை."

ராடிம் கூரையைப் பார்த்தான்.

"பெட்டியைக் கடைல திருப்பிக் கொடுக்கப் போனேன். பிரிச்சாச்சு, எடுத்துக்க மாட்டேன்னான். அவன் மேஜைலயே போட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் என் மகன் ஒரு இடம் சொன்னான், அங்கேர்ந்து இறக்கிக்கிட்டேன். முழுச் சதுப்பு. கொக்கு இல்லை. நீ யாருன்னு கேக்கற காவல்காரன் இல்லை. இன்னும் கொஞ்சம் திற." துளைக்கும் கருவி ஓடி நின்றது. "கிழக்குப் பக்கம் தூரமா ஒரு விளக்கு தெரியுமே, நடந்து போனேன். அஞ்சு பேரைப் பறிகொடுத்துட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஒருத்தன் உக்காந்து மீன் சுட்டுக்கிட்டிருந்தான். உக்காருங்கன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு ராடிம்."

அந்த மீன்காரனை ராடிம் ஒரு முழுக் கோடை செலவழித்துச் செய்தான். அவன் 'உக்காருங்க' என்று சொல்லும் குரலே ராடிமுடையதுதான். அவருக்கு அது தெரியவில்லை.

"காசு கொடுத்தவனுக்குப் பட்டி, திருடினவனுக்குச் சதுப்பு. இது எந்த ஊர் நியாயம்? அந்த ஓஸ்த்ராவா பையனுக்கு நன்றி சொல்லி எழுதினேன். எங்களை நினைச்சுப் பாத்தவன் நீ ஒருத்தன்தான்பான்னு."

ராடிமின் தொண்டையில் ஏதோ சத்தம் எழுந்தது.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"நீ கொடுத்த வாக்கை நம்பித்தான் இணையத்துல எழுதினேன். இப்போ என்னைக் கேக்கறாங்க, அப்படி எழுத உனக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு. என்னைக் கேக்கறாங்க." அவர் குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்தது. கருவியைத் தட்டில் வைத்தார். "சரி, உன்னை மீறி நடந்திருக்கும். நீ அப்படிப்பட்டவன் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லு. ஜனங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து அந்த நிலத்தை அழிச்சானே, அந்தத் திருத்தத்தை எழுதினது யாரு? அந்த மனுஷன் பேரு எனக்கு வேணும்."

சொல்லிவிட்டுப் பஞ்சை எடுத்தார். குழாயையும் எடுத்தார்.

பூட்டை வைத்தவனும் நான், சாவியை வைத்தவனும் நான், உங்களுக்காகத்தான் வைத்தேன் என்று சொல்ல நெஞ்சு அடித்துக்கொண்டது. நாளைக்கே அவர் அதை மகிழ்ச்சியோடு அங்கே எழுதிவிடுவார், லண்டன் படிக்கும், முப்பது பேர் தெருவுக்கு வருவார்கள். நல்லதைச் சொல்ல வழியில்லை. சொல்லக்கூடிய உண்மை ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"நான்தான் டாக்டரம்மா," என்றான்.

மிலாதா கையுறையைக் கழற்றி, கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். திரும்பி நின்றுகொண்டே துடைத்தார்.

"மரத்தது போறவரைக்கும் எதுவும் சாப்பிடாதே, நாக்கைக் கடிச்சுப்பே," என்றார். "மேலே ஒரு பல்லு பாக்கி இருக்கு. அதுக்கு வேற யாரையாவது பாத்துக்கோ."

அவன் டிராம் நிறுத்தத்துக்கு வருவதற்குள் தொலைபேசி அடித்தது. லுபோர். குரலில் பல மாதமாக இல்லாத தெம்பு.

"மூணாவது பாகம் கேக்கறாங்கடா. கன்சோலுக்கு மட்டும். கம்ப்யூட்டர் வேண்டவே வேண்டாமாம். ஒப்பந்தத்தோட கணக்கும் அனுப்பியிருக்காங்க, வாங்கினவனைவிடத் திருடினவன் பல மடங்கு. அதைக் காட்டிப் பேசினா நான் என்ன சொல்றது?"

ராடிம் தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"இருக்கியா? பாரு, நீ சண்டைக்கு வருவேன்னு தெரியும். வா. இந்தத் தடவை நானும் கூட நிக்கறேன், நிஜமா சொல்றேன். ஆனா நைஜல் முகத்துக்கு நேரா காட்ட எனக்கு ஒரு ஆளு வேணும். என்ன ஆனாலும் கம்ப்யூட்டர்ல காசு கொடுத்து வாங்குவாங்கன்னு நீ அடிச்சுச் சொல்ற ஒருத்தர். கூட்டமெல்லாம் வேண்டாம். ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுடா."

டிராம் வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ராடிம் ஏறவில்லை. காலையில் இதைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஒரு பேரைச் சொல்லியிருப்பான். உதடு மரத்திருந்ததால் வார்த்தை குழறியது.

"யாருமில்லை."

"என்ன சொல்றே? சரியா கேக்கலை."

"யாருமில்லைடா," என்றான். "கையெழுத்துப் போடு."